லூவர் பிரமிடில் 666 கண்ணாடிகளா? எண்ணிப் பார்த்தால் 673

பாரிஸின் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடில் சரியாக 666 கண்ணாடிகள் உண்டு, அது அப்போதைய பிரான்ஸ் அதிபர் மித்தரான் கேட்டு வைத்த சாத்தான் எண் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. தவறு. அருங்காட்சியகம் சொல்லும் கணக்கு 673: சாய்சதுரங்கள் 603, முக்கோணங்கள் 70.

கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்து 1989-ல் திறக்கப்பட்ட இந்தப் பிரமிடின் உயரம் சுமார் 21.6 மீட்டர். ஒரு படம் இருந்தால் நீங்களே எண்ணலாம். அடிவரிசையில் 18 முக்கோணங்கள். அதற்கு மேல் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 17, 16, 15 என உச்சியில் 1 வரை சாய்சதுரங்கள், கூட்டினால் 153. ஆக ஒரு முழு முகத்துக்கு 171.

அவசரமாக எண்ணுபவர்கள் சறுக்குவது அடுத்த படியில்தான். 171-ஐ நான்கால் பெருக்கி 684 என்று முடித்துவிடுவார்கள். நான்காவது முகத்தில் வாசல் இருக்கிறதே! அதற்காக 9 சாய்சதுரங்களும் 2 முக்கோணங்களும் விடப்பட்டுள்ளன. 684-லிருந்து 11 போனால் 673. 666 வர வேண்டுமானால் வாசல் 18 கண்ணாடிகளை விழுங்கியிருக்க வேண்டும்.

வதந்தி வானத்திலிருந்து குதிக்கவில்லை. கட்டுமானத்தின்போது வெளியான அதிகாரபூர்வக் கையேடே 666 என்று அச்சிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே கையேட்டில் சில பக்கங்களுக்கு முன்னால் 672 என்று இருக்கிறது. பத்திரிகைகள் 666-ஐ மட்டும் எடுத்துக்கொண்டன. பின்னர் ஒரு பிரபல நாவல் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.