மரத்தடியில் நடந்தது கணக்குப் பாடம்தான்

அந்த நாற்பது விநாடி வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். பள்ளிக் காம்பவுண்டு ஓரம் வண்டியை நிறுத்தி எடுத்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், நான் நடுவில் நின்று கை தட்டுகிறேன். மேலே "சம்பளம் வாங்கிக்கொண்டு பாட வேளையில் ஆட்டம்" என்று எழுதியிருக்கிறது.

எடுத்தவரைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைக்கும் கை பிடித்து 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தவள் நான், அதோடு விடுகிறேன். ஆனால் அதன் கீழே வந்து பேசியவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அது கணக்குப் பாடம். பெருக்கல் பாடம்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இருவர் பிரித்துக்கொள்கிறோம். 3, 4, 5 மூன்றும் என்னிடம். ஒருத்திக்கு மூன்றாம் வாய்ப்பாடே தடுமாறும், பக்கத்தில் இருப்பவன் வகுத்தல் போடுவான். மூன்று வகுப்பையும் ஒரே பாடத்தில் உட்கார வைக்க முடியாது. ஒரே ஆட்டத்தில் ஓட வைக்க முடியும்.

ஆட்டம் இதுதான். எல்லோரும் வட்டமாக ஓட வேண்டும். நான் "நான்கு நான்காக" என்றதும் நான்கு பேராகச் சேர்ந்து நிற்க வேண்டும். எத்தனை குழு, ஆளுக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, மிச்சம் யார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அன்று வந்தவர்கள் 25 பேர். ஆறு குழு, 24 பேர், ஒருவர் மிச்சம். இதற்குள் பெருக்கல் இருக்கிறது, வகுத்தல் இருக்கிறது, மீதியும் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தலையை எண்ணுகிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எண்ணாமலே சொல்லிவிடுகிறது. இது பாடம் இல்லை என்றால் பாடம் என்பது என்ன?

இன்னொன்றும் உண்டு. தரையில் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதுவோம். "ஏழாறு" என்றதும் 42-க்கு ஓட வேண்டும். ஆரம்பத்தில் இதில் ஒரு குறை இருந்தது. தெரிந்தவன் பின்னாலேயே தெரியாத பத்துப் பேரும் ஓடிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கே பிடிபட்டது. இப்போது மூன்று மூன்று பேராக அனுப்புகிறேன். யார் 48-க்குப் போகிறார்கள், யார் நடுவில் தயங்குகிறார்கள் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நோட்டு திருத்தினால் அது தெரிய மறுநாள் ஆகும்.

"நாங்களெல்லாம் மனப்பாடம் செய்துதானே வந்தோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தினமும் காலையில் பத்து நிமிடம் வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். பத்தாம் வாய்ப்பாடு வரை 100 விடைகள். ஆறேழும் ஏழாறும் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால் 55. அதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் தானாக வந்துவிடும். அவற்றைக் கழித்தால் பாடுபட வேண்டியது வெறும் 21. திருப்பிப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான் என்பதைச் சத்துணவுக்கு வருகிற முட்டை அட்டையிலேயே காட்டலாம். இப்படிப் பிடித்தால் ஐந்து வரிசையில் ஆறு ஆறு, திருப்பிப் பிடித்தால் ஆறு வரிசையில் ஐந்து ஐந்து. முட்டை அதே 30. இதை நூறு முறை ஒப்பித்துப் புரிந்துகொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நானும் மனப்பாடம் செய்து வந்தவள்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில் நின்றால் புளியமிளாறு பேசும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கூடச் சொல்வேன். ஆனால் எட்டு ரூபாய் விலையில் ஏழு நோட்டுப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போனபோது, விரல் விட்டுக் கூட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஏழெட்டுதான் இந்த ஏழெட்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குப் பெருக்கலைச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடமே போகாத என் ஆயா, அதாவது பாட்டி. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டுவிட்டு, "உன் பக்கம் ஏழு குழி, முப்பத்தஞ்சு. என் பக்கமும் முப்பத்தஞ்சு. மொத்தம் எழுபது, ஒண்ணு குறைஞ்சாலும் நீதான் எடுத்திருக்கே" என்பார். விளையாட்டில் கணக்கு சொல்லித் தருவது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். என் ஆயா எங்கள் பக்கத்து இண்டூரைத் தாண்டிப் போனதில்லை ஐயா.

சத்தம் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்பது சரிதான். அதனால்தான் மரத்தடிக்கு வந்தோம்.

"பரீட்சையில் எழுந்து ஓட முடியுமா?" இதற்கு நிறைய பேர் சிரித்திருந்தீர்கள். நீச்சல் கற்றவன் பரீட்சை ஹாலில் நீந்துவதில்லைதான். ஆனால் என் பிள்ளைகள் பரீட்சையில் உட்கார்ந்து எழுதத்தான் போகிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். போன பருவத் தாள்கள் பள்ளியில்தான் இருக்கின்றன. வந்து பாருங்கள்.

2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்து, பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தபோதும் இதே பேச்சு வந்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து பாட்டும் பொம்மையும் வகுப்பறைக்குள் நுழைந்தபோதும் வந்தது. இதே ஆட்டத்தை மாதம் ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் பள்ளியில் ஆடினால், பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் பனியன் போட்டு அவர்களே படம் எடுத்துப் போடுவார்கள். நீங்களும் வாழ்த்துச் சொல்வீர்கள். எங்கள் பிள்ளைகள் ஓடினால் மட்டும் டீச்சர் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டே சிரிக்கக் கூடாதா? இதை எழுதும்போதே எனக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு கருத்து என்னைத் தூங்கவிடவில்லை. "பின்னால் ஒரு பையன் தனியாக நிற்கிறான், அவனைச் சேர்த்துக்கொள்ளக்கூட இல்லை, பாவம்" என்று எழுதி, அதை முப்பது பேர் ஆமோதித்திருக்கிறார்கள். அந்தப் பையனின் அம்மா பெங்களூரிலிருந்து ராத்திரி எனக்குப் போன் செய்தார். "டீச்சர், எல்லாரும் ஓடறாங்க, எம்பையன் மட்டும் ஏன் மரத்தடியில நிக்கறான்? யாராச்சும் ஒதுக்கறாங்களா?" குரல் உடைந்திருந்தது. அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவன் முகம் அதில் இருக்கிறது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவன் வகுப்பில் அதிகம் பேச மாட்டான். நான் "நான்கு நான்காக" என்றதும், மற்றவர்கள் ஓடத் தொடங்கும் முன்பே என் பக்கத்தில் வந்து, "இன்னிக்கு இருபத்தஞ்சு பேரு டீச்சர், ஒருத்தர் மிஞ்சுவாங்க. நானே மிஞ்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனான். அடுத்து "ஆறு ஆறாக" என்றேன். அங்கிருந்தே, "அதுக்கும் நான்தான்" என்றான். "மூன்று மூன்றாக" என்றேன். தலையை ஆட்டினான். "எட்டு எட்டாக"வுக்கும் நகரவில்லை. அப்புறம் அவனே கத்தினான், "அஞ்சு அஞ்சா சொல்லுங்க டீச்சர், நான் வரேன்."

சொன்னேன். ஐந்தாவது குழுவில் ஐந்தாவது ஆளாக ஓடி வந்து நின்றான். வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.