முதலில் கை வைப்பது பொட்டாஷில்தான்

உர விலை ஏறினால் விவசாயிகள் வேறு பயிருக்கு மாறிவிடுவார்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் பருத்தியை விட்டால் மக்காச்சோளம், அதை விட்டால் பருத்தி. பயிரை மாற்றுவதற்கு முன்னால் நாங்கள் உரத்தின் அளவைத்தான் குறைக்கிறோம்.

45 கிலோ யூரியா மூட்டை பல வருடமாக 266 ரூபாய் 50 காசிலேயே நிற்கிறது. மானியம் அப்படி. மணிச்சத்து தரும் டிஏபி மூட்டை 1350 ரூபாய். சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் மூட்டை 2022-இல் 1700 ரூபாய் வரை போனது. கையில் காசு குறைந்தால் எதை விடுவோம்? பொட்டாஷைத்தான். யூரியா போட்டால் நாலே நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். பொட்டாஷ் போடாத குறை, அறுவடையில் மக்காச்சோளக் கதிரின் தோகையை உரித்து, நுனியில் மணி பிடிக்காமல் இருப்பதைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

மக்காச்சோளத்துக்கு அரசு அறிவித்த 2025-26 குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2400 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருக்கிற மாதிரி கொள்முதல் நிலையம் எங்களுக்கு ஏது? நாமக்கல் கோழித் தீவனக்காரர்கள் கேட்பதை வைத்து வியாபாரி சொல்வதுதான் விலை. ஈரம் என்று சொல்லி அதிலும் கழிப்பார். புரட்டாசியில் விதைக்கிறவனுக்குத் தை மாத விலை எப்படித் தெரியும்? போன வருட விலையைப் பார்த்து விதைக்கிறோம். எல்லோரும் அதையே பார்ப்பதால் வரத்து குவிந்து விலை விழுகிறது.

அப்புறம், கடனுக்கு உரம் வாங்குகிறவருக்கு முடிவெடுக்கவே இடமில்லை. கடைக்காரர் கொடுப்பதுதான் உரம். டிஏபி கேட்டால் கூடவே ஒரு நுண்ணூட்ட டப்பாவையும் தலையில் கட்டுவார்கள். அதைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.