முத்திரை இல்லாத தராசு

எங்கள் தெருமுனையில் தக்காளி விற்கிற அக்காவின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். இல்லையென்றால் முத்திரை ஆய்வாளர் வந்து வழக்குப் போடுவார். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைக் கொண்டுவரச் சொல்லி, நம் கண்ணெதிரே பிடித்துக் காட்டும்படி கேட்கலாம். ஆனால், என் அம்மா காலையில் எத்தனை மில்லிகிராம் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற பி.பி. மெஷின் சரியாகத்தான் காட்டுகிறதா என்று கேட்டால், இவ்வளவு பெரிய திருச்சியில் எனக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் அகப்படவில்லை. மூன்று மாதம் அலைந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் தினமும் காலையும் மாலையும் அளந்து நோட்டில் குறித்துவரச் சொன்னார் டாக்டர். ஒரு நாள் விடாமல் குறித்தோம். தேநீர் குடித்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கால்களைத் தரையில் ஊன்றவைத்து, கையை நெஞ்சின் உயரத்துக்கு மேசைமேல் வைத்துத்தான் அளந்தோம். கை 10 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே அளவு ஏழெட்டு புள்ளி கூடிவிடும் என்பதுவரை படித்து வைத்திருந்தேன். அத்தனை பக்தியோடு எழுதிய நோட்டில் மேல் அளவு பெரும்பாலும் 150-க்கு மேலேயே நின்றது. அதைப் பார்த்த டாக்டர் ஆம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். இரண்டு வாரத்துக்குள் அம்மாவின் கணுக்கால் இரண்டும் வீங்கின. ஒரு நாள் விளக்கேற்றிவிட்டு எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் மெஷினையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். (இதை மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர் என்பதால் இத்தோடு விடுகிறேன்.) அவரிடம் பழைய பாதரசக் கருவி ஒன்று இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஒரே கையில், ஒவ்வொரு நிமிடம் இடைவெளி விட்டு, மெஷினில் இரண்டு முறை, பாதரசத்தில் ஒரு முறை, மறுபடி மெஷினில், மறுபடி பாதரசத்தில் என்று ஐந்து முறை அளந்தார். மெஷின் காட்டியவை 141, 139, 140. பாதரசம் காட்டியவை 127, 126. வித்தியாசம் 5-க்குள் இருந்தால் நம்பலாம், 10-ஐத் தாண்டினால் அந்த மெஷினை வைத்து மருந்தை முடிவு செய்யக் கூடாது என்பது பொதுவான கணக்கு. எங்களுடையது ஏறக்குறைய 13. மாத்திரை மறுபடி 5 மில்லிகிராமுக்கு இறங்கியது.

வீட்டுக்கு வந்து, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத கையேட்டைப் பிரித்தேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை கருவியைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு பொடி எழுத்தில் பரிந்துரைத்திருந்தார்கள். எங்கே, யாரிடம், எவ்வளவு கட்டணத்துக்கு என்று ஒரு சொல் இல்லை. விற்ற மருந்துக் கடைக்காரர், ‘பேட்டரியை மாத்திப் பாருங்க சார்’ என்றார். மாற்றினேன், புது பேட்டரியில் அதே தப்பைப் பளிச்சென்று காட்டியது. கட்டணமில்லா எண்ணில் இருபது நிமிடம் சங்கீதம் கேட்டபின் வந்த பெண், சென்னைக்குக் கூரியரில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். 23 நாள் கழித்து, 450 ரூபாய் ரசீதோடும் ஒரு துண்டுச் சீட்டோடும் மெஷின் திரும்பியது. சீட்டில் இருந்தவை மூன்று சொற்கள்: ‘கேலிபரேஷன் சரியாக உள்ளது.’ அதாவது, அளவுச் சரிபார்ப்பில் தேறிவிட்டதாம். எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள், மெஷின் எவ்வளவு காட்டியது என்று ஓர் எண்கூடக் கிடையாது. காய்ச்சல் பார்க்கப் போனவனிடம் டிகிரியைச் சொல்லாமல் ‘உடம்பு இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

பிறகு, ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் உறவினர் ஒருவர்தான் எனக்குக் கண்ணைத் திறந்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பது, ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் விவரித்த ஒலிகளை. நம் வீட்டு மெஷினுக்குக் காது கிடையாது. கையில் சுற்றிய பட்டையின் காற்றில் நாடித்துடிப்பு எழுப்பும் சின்னச் சின்ன அதிர்வுகளை அது உணர்கிறது. அந்த அதிர்வு எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அது ஏறக்குறைய சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும், நிறுவனம் வெளியே சொல்லாத ஒரு சூத்திரத்தின்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சர்வீஸ் சென்டர் சோதிப்பது உள்ளே இருக்கும் அழுத்த உணரியை மட்டுமே. உறவினர் டி வடிவ இணைப்பு ஒன்றைக் குழாயில் பொருத்தி, பட்டையை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுற்றி, நம்பகமான மீட்டர் ஒன்றையும் மாட்டி, மெஷினைச் சோதனை நிலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். மீட்டரில் 150 வரும்போது மெஷினில் 151. அனுமதிக்கப்பட்ட பிழை கூட்டல் கழித்தல் 3. ஆக, சீட்டு பொய் சொல்லவில்லை. பாட்டிலுக்கு மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. என் அம்மாவுக்குத்தான் சரியில்லை.

அடுத்து அவர் செய்த காரியம்தான் என் வயிற்றெரிச்சலுக்கு மூல காரணம். தையல்காரர் டேப்பை எடுத்து அம்மாவின் மேற்கையைச் சுற்றி அளந்தார். 36 சென்டிமீட்டர். பட்டையின் ஓரத்தில் அச்சிட்டிருந்தது 22 முதல் 32 வரை. கைக்குப் பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பது டாக்டர்கள் வெகு காலமாக அறிந்த சங்கதி. 2023-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 195 பேரிடம் அளந்து பார்த்ததில், பெரிய பட்டை தேவைப்படுவோருக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 5 புள்ளியும், அதைவிடப் பெரியது தேவைப்படுவோருக்கு ஏறக்குறைய 20 புள்ளியும் கூடியது. செருப்புக் கடையில்கூட காலை அளக்காமல் பெட்டியைக் கட்டிக் கொடுப்பதில்லை. இங்கே விற்ற கடைக்காரரும் கேட்கவில்லை, தொலைபேசிப் பெண்ணும் கேட்கவில்லை, 23 நாள் வைத்திருந்த சர்வீஸ் சென்டரும் கேட்கவில்லை. கேலிபரேஷன் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அத்தனை பேரும் ஒளிந்துகொண்டார்கள்.

பெரிய பட்டைக்குத் தனி விலை, அதற்கும் மூன்று வாரக் காத்திருப்பு. அது வந்தபின் டாக்டரிடம் போய் மறுபடி ஒப்பிட்டதில் வித்தியாசம் 7-க்கு இறங்கியிருக்கிறது. மீதமுள்ள ஏழுக்கு அந்த ரகசியச் சூத்திரம் காரணமா, வேறெதுவுமா என்று யாரைக் கேட்பது?

நான் இலவசமாக எதையும் கேட்கவில்லை. விற்கும்போது மேசைமேல் ஒரு டேப் இருக்கட்டும். மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது டி இணைப்பும் மீட்டரும் வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, 50-இல் எவ்வளவு, 150-இல் எவ்வளவு, 200-இல் எவ்வளவு என்று எண்ணோடு எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சோதனை நிலைக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைக் கையேட்டில் அச்சிட்டால் யாருடைய சொத்தும் கரைந்துவிடாது.

அதுவரை, மாதத்தின் முதல் சனிக்கிழமை மெஷினை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய், பாதரசத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வருகிறோம். அம்மா வீட்டு நோட்டில் இப்போது தானே ஒரு கோடு கிழித்து, ‘மெஷின் சொன்னது’ என்று ஒரு பக்கமும் ‘டாக்டர் சொன்னது’ என்று மறுபக்கமும் எழுதுகிறார்.