கேரட்டைக் கலைக்கிற ஊர் சீகையைக் கலைக்கக் கூடாதா?

கேரட் விதைத்துச் சில வாரங்களில் எங்கள் ஊரில் செடி கலைப்பார்கள். விதை பொடியாக இருக்கும். எவ்வளவு பழகிய கையானாலும் நெருக்கமாகத்தான் விழும். முளைத்தபின் நடுநடுவே பிடுங்காவிட்டால் கிழங்கு சுண்டுவிரல் தடிமனைத் தாண்டாது. பிடுங்கிப் போட்ட செடிக்காக இதுவரை யாரும் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதே வரப்பிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற மேட்டுச் சீகைக் காட்டில் (சீகைக்காய் அல்ல, வாட்டில் என்கிற மரம்) ஒருவர் கத்தி வைத்தால் போதும், "நீலகிரியை அழிக்கிறார்கள்" என்று படத்தோடு செய்தி பரவிவிடுகிறது. போன வாரமும் பரவியது. காட்டுத் தீக்குப் பயந்து, ஊரை ஒட்டிய சீகையைக் கலைத்தே ஆக வேண்டும் என்று நான் சொன்னேன். மர வியாபாரியின் கையாள் என்ற பட்டம் கிடைத்தது. அதற்குப் பதில்தான் இந்த நீண்ட பதிவு.

பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. இந்த மலையின் மேற்பகுதி ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. தண்ணீர் கசியும் மடிப்புகளில் மட்டும் சோலை, அதாவது குட்டை மரங்கள் அடர்ந்த பசுமைக் காடு. சீகையும் கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசே தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையைப் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டது. நட்டவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சீகை பார்த்தது, விதை போட்டுப் போட்டு வரிசையைத் தாண்டி எல்லாத் திசையிலும் இறங்கியது.

தோடர்களும் படுகர்களும் மேய்ச்சலுக்காகப் புல்லுக்குத் தீ வைத்த காலம் உண்டு. அந்தத் தீ தரையோடு ஓடி, சோலையின் ஈர விளிம்பில் காட்டுப் பூவரசு மரங்களைத் தொட்டு அடங்கும். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு தீ வைப்பது குற்றமானது. சின்னத் தீ நின்றது. விறகு மட்டும் சேர்ந்துகொண்டே வந்தது.

அந்த விறகைக் கொஞ்சமாவது குறைத்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். பின்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "தினம் ஒரு சுமை தம்பி. செத்த கொப்பு ஒன்று கீழே கிடக்காது, அதற்குள் யாராவது எடுத்திருப்பார்கள். இப்போது சிலிண்டர் வந்துவிட்டது. அங்கே காட்டுமாடு வேறு நிற்கிறது. யார் போவார்கள்?" என்றார். கற்பூரத் தைலம் காய்ச்சுகிறவர்களும் சருகை அரித்து எடுத்துப் போவார்களாம். சிலிண்டர் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. விறகடுப்புப் புகையில் என் அம்மாவின் கண் போனதைப் பார்த்தவன். அவர்கள் தலையில் சுமந்து, கூலியில்லாமல் செய்த வேலையை இப்போது யார் செய்வது என்பதுதான் என் கேள்வி.

பிப்ரவரியில் நானே மேட்டுக்குப் போனேன். உறைபனி விழுந்து முடிந்த நேரம். வெளியே புல் வைக்கோலாகக் கிடந்தது. சீகைக்குள் நுழைந்ததும் கணுக்கால் வரை சருகில் புதைந்தது. பத்தடிக்குப் பத்தடி இடத்தைக் கயிறு போட்டு எண்ணினேன். 17 மரங்கள். பெரும்பாலானவை என் மணிக்கட்டுப் பருமன். ஆறு நின்றபடியே செத்தவை. காற்றில் வேரோடு சாய்ந்த ஒன்று பக்கத்து மரத்தின் தோளில் தலை வைத்துக் கிடந்தது. சருகில் பிடிக்கிற தீ உச்சிக்கு ஏறப் படி கட்டி வைத்ததுபோல் இருந்தது. அங்கிருந்து முதல் வீட்டின் தகரக் கூரைக்கு நாற்பது எட்டு.

2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பகுதி நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும். விமானப் படையின் ஹெலிகாப்டர் ரேலியா அணையிலிருந்து பெரிய வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. நாங்கள் சாலையோரம் நின்று செல்போனில் படம் பிடித்தோம். நானும்தான். ஆனால் கீழே சரிவில் பச்சைக் கிளையால் தீயை அடித்துக்கொண்டிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. ஊருக்குப் பின்னால் ஹெலிகாப்டர் வருகிற நிலைமை வந்தபிறகு எதைக் காப்பாற்றுவது?

"குரங்கணியில் எரிந்தது புல்தானே, மரத்தை வெட்டினால் அங்கே புல்தானே வரும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டு 23 பேர் இறந்தார்கள். புல் தீ வேகமானது, மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. அதனால் ஊருக்கும் புல்லுக்கும் நடுவே தீத்தடுப்புக் கோடு ஆண்டுதோறும் செதுக்கப்பட வேண்டும். ஆனால் புல் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். செதுக்கிய கோட்டில் நிற்க வாய்ப்புண்டு. உச்சியில் பிடித்த தீக்கு எங்கள் கோடு ஒரு பொருட்டே இல்லை. நெருப்புப் பொறி அதன் தலைக்கு மேலே பறந்து வரும்.

கலைப்பது வேறு, மொட்டையடிப்பது வேறு. இதில் மர வியாபாரிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அடுத்த மேட்டில் ஓர் ஒப்பந்தக்காரர் வேலை எடுத்தார். லாரியில் ஏறும் பருமனான மரமெல்லாம் போனது. சுள்ளியும் மிளாறும் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. வெயில் பட்டதும் மண்ணில் பல ஆண்டுகளாகத் தூங்கிய சீகை விதை மொத்தமும் எழுந்துவிட்டது. இன்று அங்கே கை நுழைக்க இடமில்லை. தீ வைத்தாலும் இதே கதைதான், சூடு பட்டால் அந்த விதைக்குக் கொண்டாட்டம். இன்னொன்று, சீகையின் நிழலில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாக வளர்கின்றன. என் கயிற்றுக்குள்ளேயே நாவல் இனத்தில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு நின்றன. மொட்டையடித்தால் முதலில் சாவது அவைதான்.

அதனால் நான் கேட்பது சிறியது. வீடுகளை ஒட்டிய காட்டு விளிம்பில் முதலில் செத்ததையும் சாய்ந்ததையும், பிறகு மணிக்கட்டுப் பருமனையும் எடுக்க வேண்டும். மிளாறை அங்கேயே விடக்கூடாது. சோலைக் கன்றுக்கு மேலே நிழல் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வந்து முளைத்த சீகையைப் பிடுங்க வேண்டும். அந்தக் கூலி இந்த ஊருக்கே கிடைக்க வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்று ஒரு மலை நகரம் உண்டு. 2010இல் பக்கத்து மலை எரிந்தது. அடுத்த மாதமே மழை வந்து கருகிய சரிவிலிருந்து வெள்ளமாக இறங்கி ஒரு சிறுமியைக் கொண்டுபோனது. 2012இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து, நெருங்கிய பைன் காட்டைக் கலைக்க ஒரு கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். பணம் கொடுத்தது நகரம், காடு மத்திய அரசுடையது. இதைச் சொன்னால் எதிர்த்தரப்பு 2019ஐ எடுத்துக் காட்டும். மறைக்கத் தேவையில்லை: கலைக்கும் வேலை செய்த இயந்திரம் பாறையில் உரசி, அந்தப் பொறியிலேயே சுமார் 2,000 ஏக்கர் எரிந்தது. காய்ந்த மாதத்தில் இரும்பைக் கொண்டு பாறையில் உரசினால் அதுதான் நடக்கும். இங்கே இந்த வேலையை மழை முடிந்து, பனி தொடங்கும் முன் கைவாளால் செய்யலாம்.

சட்டம் விடாது என்பார்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்துக்கே அனுமதி வாங்க வேண்டும். காட்டு மரத்துக்கு 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இருக்கிறது; வனத்துறையின் செயல் திட்டத்தில் இல்லாமல் வெட்ட முடியாது. இரண்டும் இல்லையென்றால் இந்த மலையில் இன்று சோலையே மிஞ்சியிருக்காது. ஆனால் செயல் திட்டம் எழுதுகிறவர்கள் ஊரைக் கேட்டு எழுதலாமே. கேட்டால் பாட்டி சொல்வார், எந்த மடிப்பில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று.

மனு தயார். மேட்டுக் காட்டு விளிம்பின் வரைபடத்தைக் கையால் வரைந்து இணைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாவல் கன்றுகளுக்கும் வட்டம் போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை கோயில் முன்னால் இருப்பேன். திட்டியவர்களும் வரலாம், கயிறு கொண்டு வருகிறேன், வேறு இடத்தில் எண்ணிப் பார்ப்போம்.