வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகள்: ஒரு கிறிஸ்தவனின் மறுப்பு

என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் வகுப்பறைகளில் விவிலியத்தின் பத்துக் கட்டளைகள் மாட்டப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் கிரெக் ஆபட் 2025 ஜூன் மாதம் கையெழுத்திட்ட சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. தாள் 16 அங்குல அகலத்துக்கும் 20 அங்குல உயரத்துக்கும் குறையக் கூடாது. அறையின் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கக்கூடிய எழுத்தில் அது இருக்க வேண்டும். யாரேனும் நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி மறுக்காமல் வாங்கி மாட்ட வேண்டும். இதே வகையான சட்டத்தை லூசியானா 2024-இல் இயற்றியிருந்தது. எங்கள் தமிழ்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்தபோது ஸ்தோத்திரங்கள் குவிந்தன. எனக்கு மட்டும் மனம் கனத்தது. ஏன் என்று அன்று கேட்டவர்களுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பத்தில் பிறந்தவன். ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன். எங்கள் தெருவிலேயே இருந்த ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நண்பன் அதே பத்தை ஒப்பித்தபோது வரிசை மாறியிருந்தது. எங்களுக்கு இரண்டாவது கட்டளை விக்கிரகம் செய்யக்கூடாது என்பது. அவர்களுக்கு அது முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கம். எங்களுக்குப் பத்தாவது ஒன்றாக நிற்கும் இச்சை பற்றிய கட்டளை, அவர்களுக்கு ஒன்பதாகவும் பத்தாகவும் பிரிந்து வரும். யூதர்களுக்கோ ‘நானே உன் கடவுள்’ என்ற அறிவிப்பே முதலாவது. இதில் யார் கணக்குச் சரி என்று எட்டு வயதில் நானும் அவனும் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டை எங்கள் இருவரோடு முடிந்தது, ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல அரசு அங்கே வரவில்லை.

டெக்சஸ் அரசு அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. எந்த வாசகத்தை மாட்ட வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆஸ்டின் நகரின் சட்டமன்ற வளாகத்தில் 1961 முதல் நிற்கும் கல்லில் உள்ள அதே வாசகம்தான் அது. புராட்டஸ்டண்டுகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை ஒட்டிச் சுருக்கப்பட்டது. விக்கிரகம் உண்டாக்காதே என்ற வரி அதில் தனியாக நிற்கிறது. வீட்டுப் பூஜை அறையில் முருகனையும் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளை, தன் தாய் செய்வது தவறு என்று அரசே சுவரில் எழுதியிருப்பதை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். என் மகளின் தோழிகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து டெக்சஸில் வழக்குத் தொடுத்த குடும்பங்களில் யூதர்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள், எம்மதமும் சாராதவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களில் மதகுருக்களும் உண்டு என்பதையும் நம் குழுவில் யாரும் பகிரவில்லை.

அரசு மதத்தைக் கையில் எடுத்தால், யாருடைய மதம் என்று அது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இதற்கு அமெரிக்கா கொடுத்த விலையை நினைவூட்ட ஃபிலடெல்ஃபியா ஒன்றே போதும். 1840-களில் அந்நகரின் அரசுப் பள்ளிகளில் தினமும் புராட்டஸ்டண்ட் விவிலியமே வாசிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் திருச்சபையின் மொழிபெயர்ப்பை வாசிக்க அனுமதி வேண்டும் என்று ஆயர் ஃபிரான்சிஸ் கென்ரிக் 1842-இல் கேட்டார். விவிலியத்தைப் பள்ளியிலிருந்து விரட்டப் பார்க்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. 1844 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் வெடித்த கலவரங்களில் கத்தோலிக்கரான அயர்லாந்துக் குடியேறிகளின் வீடுகள் எரிந்தன. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீனார் ஆலயமும் சாம்பலாயின. உயிரிழந்தவர்கள் 20 பேருக்குக் குறையாது. கொன்றவர்களும் செத்தவர்களும் ஒரே இயேசுவை வணங்கியவர்கள்.

இந்த ஆபத்தை முதலில் கண்டவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் என்று நம்மில் பலர் நம்புகிறோம். வரலாறு வேறு. சுதந்திரத்துக்கு முந்தைய வர்ஜீனியாவில் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபையே அரசுத் திருச்சபை. அதன் செலவுக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும். உரிமம் பெறாமல் பிரசங்கித்த, பாப்டிஸ்ட் என்ற வேறொரு புராட்டஸ்டண்ட் பிரிவின் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கல்பெப்பர் சிறையில் கிடந்த ஜேம்ஸ் அயர்லாந்து என்ற போதகர் கம்பிகளுக்குப் பின்னால் நின்று வெளியே கூடியவர்களுக்குப் பிரசங்கித்தார். பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் சமயக் கருத்துகளை வெளியிட்டதற்காகச் சிறையில் இருக்கிறார்கள் என்று 1774-இல் தன் நண்பருக்கு மனம் கொதித்து எழுதிய இளைஞர் ஜேம்ஸ் மேடிசன். பின்னாளில் அரசமைப்புச் சட்டத்தையும், அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்ற அதன் முதல் திருத்தத்தையும் வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அவரே.

1784-இல் வர்ஜீனியாவின் அரசியல் தலைவர் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை முன்வைத்தார். கிறிஸ்தவப் போதகர்களின் சம்பளத்துக்காக எல்லோரிடமும் ஒரு வரி வாங்குவது, அந்த வரி எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதை அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மேடிசன் அதை எதிர்த்து 1785-இல் எழுதிய விண்ணப்பத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். மற்ற மதங்களை ஒதுக்கிவிட்டுக் கிறிஸ்தவத்தை நிலைநாட்டும் அதிகாரம் அரசுக்கு உண்டென்றால், மற்றப் பிரிவுகளை ஒதுக்கிவிட்டுக் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவை மட்டும் நிலைநாட்டும் அதிகாரமும் அதே எளிமையோடு அதற்கு உண்டாகிவிடும் என்று அவர் கேட்டார். அரசு ஆதரவில் கிறிஸ்தவம் வாழ்ந்த பதினைந்து நூற்றாண்டுகள் குருமார்களிடம் அகந்தையையும் சோம்பலையும், மக்களிடம் அறியாமையையும் அடிமைப் புத்தியையும்தான் வளர்த்தன என்றும் எழுதினார். பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிடீரியன்களும் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினார்கள். ஹென்றியின் மசோதா வீழ்ந்தது. பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மத சுதந்திரச் சட்டம் 1786-இல் அங்கே நிறைவேறியது. திருச்சபையையும் அரசையும் ‘பிரிக்கும் சுவர்’ என்ற புகழ்பெற்ற சொற்றொடரும் பக்தர்களுக்கு எழுதிய பதிலில் பிறந்ததுதான். கனெக்டிகட் மாநிலத்தில் வேறொரு சபை அரசுச் சபையாக இருந்ததால் நெருக்கப்பட்டுவந்த டான்பரி பாப்டிஸ்டுகள், தங்கள் வழிபாட்டு உரிமை அரசு போட்ட பிச்சையாக இருக்கக் கூடாது என்று 1801-இல், அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் அனுப்பிய பதிலில்தான் அந்தச் சுவர் எழுந்தது.

என்னோடு வாதிட்ட நண்பர் ஒருவர் சரியான ஒரு செய்தியைச் சொன்னார். அந்தக் கடிதம் எழுதிய இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிரதிநிதிகள் சபை மண்டபத்திலேயே நடந்த ஆராதனைக்கு ஜெஃபர்சன் போனார். உண்மைதான். அன்று பிரசங்கித்தவர் ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். ஆனால் அந்த லீலண்ட் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசுச் சபை முறையை ஒழிக்க வர்ஜீனியாவிலும் மாசசூசெட்சிலும் வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர். அப்படிப்பட்டவர் ஜனாதிபதியின் முன்னால் நின்று பிரசங்கித்தார், ஜனாதிபதி விரும்பி வந்து கேட்டார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டப்படி பள்ளிக்கு வந்தே தீர வேண்டிய ஆறு வயதுப் பிள்ளையின் நிலை அதுவல்ல.

இந்த நாடு கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. 1797-இல் வட ஆப்பிரிக்காவின் திரிபோலியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம், அமெரிக்க அரசு எந்தப் பொருளிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. செனட் அதை ஒருமனதாக ஏற்றது, ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். தேசிய உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் நுழைந்தது 1954-இல். ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது தேசிய முழக்கமானது 1956-இல். சோவியத் யூனியனோடு பனிப்போர் நடந்த காலத்தில் அரசியல் தேவைக்காகச் சேர்க்கப்பட்டவற்றை நாட்டை நிறுவியவர்களின் சொத்தாகக் காட்டுவது நேர்மையல்ல. கென்டக்கி மாநிலம் இதே போன்ற ஒரு சட்டம் இயற்றியபோது 1980-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு ஜெபித்த கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், 2022-இல், ஆறுக்கு மூன்று என்ற தீர்ப்பால் நீதிமன்றம், அரசின் செயல் மதத்தை ஆதரிக்கிறதா என்று பார்க்கும் தன் பழைய அளவுகோலைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்பு திறந்த வாசல் வழியாகத்தான் லூசியானாவும் டெக்சஸும் நுழைந்தன.

விசுவாசிகள் அரசியல் பேசக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1957-இல் தொடங்கிய தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பு இல்லாமல் கறுப்பின மக்களின் சமஉரிமைப் போராட்டத்தை நினைத்துப் பார்க்க முடியுமா? மார்ட்டின் லூதர் கிங் பிரசங்க பீடத்திலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தவர். திருச்சபை அரசின் எஜமானனும் அல்ல, வேலைக்காரனும் அல்ல, அதன் மனசாட்சி என்று சொன்னவர் அவர். மனசாட்சி அதிகாரத்தைப் பார்த்துப் பேசும், தன் வேதத்தை மாட்டித்தரும்படி அதிகாரத்திடம் கேட்காது. ஆபிரகாம் லிங்கன் 1865 மார்ச் 4 அன்று, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில் நின்று, இரு தரப்பாரும் ஒரே விவிலியத்தைப் படிக்கிறார்கள், ஒரே கடவுளிடம் வேண்டுகிறார்கள், ஒருவருக்கு எதிராக ஒருவர் அவர் துணையைக் கேட்கிறார்கள் என்றார். கடவுள் எங்கள் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. வெற்றியின் விளிம்பில் நின்ற ஒரு தலைவர் அவ்வளவு தாழ்மையோடு பேசியதை இன்றைய மேடைகளோடு ஒப்பிடும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது.

அரசுப் பதவி எதற்கும் மதச் சோதனை வைக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு. ஆனாலும் 1960 செப்டம்பரில், ஜனாதிபதி வேட்பாளராக நின்ற கத்தோலிக்கர் ஜான் கென்னடி ஹூஸ்டனுக்கு வந்து, புராட்டஸ்டண்ட் போதகர்களின் முன் நின்று, தான் போப்பாண்டவரின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு ஆளப்போவதில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. ஆலயங்கள் எரிந்த 1844-ஐயும் அந்த 1960-ஐயும் எண்ணிப் பார்த்தால், இன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் கத்தோலிக்கர்களாக இருப்பது அந்தச் சுவர் தந்த பாதுகாப்புக்குச் சான்று. அதே கேள்வி இப்போது வேறு வாசலில் போய் நிற்கிறது. தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்திலிருந்து வந்து, குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட இந்துவான விவேக் ராமசாமியை, 2023 டிசம்பரில் அயோவாவில் நடந்த தொலைக்காட்சிக் கூட்டத்தில், உங்கள் மதம் இந்த நாட்டை நிறுவியவர்களின் மதமல்லவே, நீங்கள் எப்படி ஜனாதிபதியாகலாம் என்று சொல்பவர்களுக்கு உங்கள் பதில் என்ன என்று ஒரு வாக்காளர் கேட்டார். அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது. ஆயினும் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஹூஸ்டனுக்கு அருகில் சுகர்லேண்டில் கோயில் வளாகம் ஒன்றில் எழுந்த 90 அடி அனுமன் சிலையைக் குறித்து, இது கிறிஸ்தவ நாடு, இந்தப் பொய்த் தெய்வத்துக்கு இங்கே இடமேன் என்று 2025-இல் செனட் வேட்பாளர் ஒருவர் எழுதினார். விக்கிரகம் உண்டாக்காதே என்ற அந்த ஒரு வரி வகுப்பறையிலிருந்து கோயில் வாசலுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பாருங்கள்.

இத்தனை அரசியல் செல்வாக்கால் திருச்சபை வளர்ந்ததா? பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், 2007-இல் அமெரிக்க வயதுவந்தோரில் 78 சதவீதம் பேர் தம்மைக் கிறிஸ்தவர் என்றார்கள், 2023–24-இல் 62 சதவீதம். மதம் எதுவும் இல்லை என்பவர்கள் 16-இலிருந்து 29 சதவீதமாகியிருக்கிறார்கள். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் எங்கள் சபையை விட்டுப்போன இளைஞர்களிடம் நான் பேசியபோது அவர்கள் குறை சொன்னது இயேசுவைப் பற்றி அல்ல, அவர் பெயரில் வாக்குக் கேட்டவர்களைப் பற்றி.

நம் ஊரில் நாம் சிறுபான்மையினர். பெரும்பான்மையின் வேதத்தை அரசுப் பள்ளிச் சுவரில் மாட்டச் சொல்லி ஒரு சட்டம் அங்கே வந்திருந்தால் நம் சபைகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், போயிருக்கவும் வேண்டும். கடல் தாண்டிப் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டவுடன் நம் நியாயம் மாறிவிடுமா?

அடுத்த மாதம் எங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றவன், பத்துக் கட்டளைகளை இன்றும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, டான்பரி பாப்டிஸ்டுகள் ஜெஃபர்சனுக்கு எழுதியதை அங்கே வாசிக்கப்போகிறேன். உடன் வர விரும்புகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.