காய்ச்சல் வரும் என்று முன்பே சொன்னால் போதும்

தடுப்பூசியை மறுப்பவர்கள் எல்லாம் படிக்காதவர்கள் என்கிறது உங்கள் தடுப்பூசிக் கட்டுரை. கடலோர ஊரான எங்கள் தொண்டிப் பக்கம் அப்படி இல்லை. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்பியவர்களில் பட்டதாரிகளும் உண்டு. ஆட்டிசம் வரும் என்றார்கள். அந்தக் கதையைக் கிளப்பிய பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 ஆய்வை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவம் பார்க்கும் உரிமையும் பறிபோனது. இந்தச் செய்தியை யார் ஃபார்வேர்டு செய்தார்கள்?

குழந்தைகளுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குக் காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணியும் என்று நர்சம்மா முன்பே சொல்லிவிட்டால் தாய்மார்கள் அடுத்த தவணைக்கும் வருகிறார்கள். கேள்வி கேட்டதும் "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று சீறினால் எப்படி வருவார்கள்? மீன் வாங்கும்போதே செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர் சார் இது. அப்புறம், கூட்டத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் அரசு டாக்டர்களைப் பற்றியும் கட்டுரையில் நாலு வரி எழுதியிருக்கலாம்.