பிரேக் பேட் மாற்றவும் அனுமதி கேட்க வேண்டுமா?

ஒரு காரின் பின் சக்கர பிரேக் பேடை (சக்கரத்தை நிறுத்தும் தேய்மானப் பட்டையை) மாற்றப் போன மெக்கானிக்கின் கட்டளையை வண்டி ஏற்கவில்லை, அவர் கிளாம்ப் என்ற திருகிக் கருவியைப் போட்டு அழுத்திவிட்டார். அந்த விவகாரத்தில் நான் இதுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் "வேலை தெரியாதவன் கை வைத்தால் இப்படித்தான்" என்று அந்த மெக்கானிக்கை ஆளாளுக்கு ஏசுவதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவருக்கு வேலை தெரியும். வேலையைச் செய்ய விடாமல் கார் கம்பெனிக்காரர்கள்தான் வண்டியின் கணினிக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் (சுவிட்சில் இயங்கும் ஹேண்ட்பிரேக்) உள்ள பல கார்களில், பேடைத் தாங்கும் பின் காலிப்பரோடு ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அது உள்ளே ஒரு ஸ்பிண்டிலை (திருகுத் தண்டை) சுழற்றும். அதிலுள்ள நட்டு முன்னால் வந்து, பேடை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளும். புது பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டன் உள்ளே போயாக வேண்டும். நட்டு பின்வாங்காமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால் ஸ்பிண்டிலோ கியரோ போய்விடும். அதற்குத்தான் சர்வீஸ் மோடு. வண்டியின் கணினியோடு பேசும் கருவியான ஸ்கேனரில் கட்டளை கொடுத்தால் மோட்டாரே நட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பிறகு பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி, பேட் மாட்டி, பெடல் இறுகும் வரை மிதித்து, அதன்பிறகே சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வர வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் மோட்டார் பாதியில் நின்றுவிடும். சார்ஜர் மாட்டிக்கொண்டு செய்வது நல்லது. அவ்வளவுதான் வேலை.

அந்த ஒரு கட்டளையைத்தான் வண்டி ஏற்க மறுத்தது. அதன்பிறகு அவர் கிளாம்ப் போட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அந்த நிலைக்கு அவரைத் தள்ளியவர்களை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

"பிரேக் உயிர் சமாச்சாரம், கண்டவரும் தொடலாமா?" என்கிறீர்கள். கேபிள் ஹேண்ட்பிரேக் காலத்திலும் அது உயிர் சமாச்சாரம்தான். இதே மெக்கானிக்குகள்தான் பேட் மாற்றினார்கள். சில கார்களில் திரை மெனுவிலேயே சர்வீஸ் மோடு இருக்கிறது. சிலவற்றில் ஆக்சிலரேட்டரையும் பார்க்கிங் பிரேக் சுவிட்சையும் சேர்த்துப் பிடித்தாலே போதும். ஆபத்துதான் காரணம் என்றால் அந்தக் கம்பெனிகள் எப்படித் திறந்து விட்டன?

"ஹேக்கர்கள் வருவார்கள்" என்பது அடுத்தது. 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் ஜீப் ஒன்றை ஹேக் செய்து காட்டினார்கள், அதைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உண்மை. ஆனால் அவர்கள் நுழைந்தது மொபைல் நெட்வொர்க் வழியாக. ஓட்டை அங்கே இருந்தது. 2018 மாடல்களிலிருந்து அதே நிறுவனம் வெளிக் கருவிகளின் கட்டளைகளைத் தடுக்கும் ஒரு கேட்வே பூட்டு போட்டது. பதிவு செய்யாத ஸ்கேனரால் கோளாறுக் குறியீட்டைப் படிக்கலாம், அழிக்க முடியாது. காற்றில் வந்தவனுக்காக, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சொருகுபவரையும் தடுத்துவிட்டார்கள். அதே இடத்தில் மாட்டும் மலிவான டாங்கிளை (சின்ன இணைப்புக் கருவியை) எப்போதும் சொருகியே வைப்பது ஆபத்து என்பது சரி. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இது பிரேக்கோடு நிற்கவில்லை. 2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட் சூடாக்கியை மாதச் சந்தாவுக்கு விட்டது. கம்பி சீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வண்டி வாங்கியவருடையது, ஆனால் காசு கட்டினால்தான் சூடாகும். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். அன்று எல்லோரும் கொதித்தீர்களே, அதே நீங்கள்தான் இன்று மெக்கானிக்கை ஏசுகிறீர்கள். அதுதான் மனசை அறுக்கிறது.

முழுக் காசும் கொடுத்து வாங்கிய வண்டியில் தேய்ந்த பேடை யாரிடம் மாற்றுவது என்பதை வாங்கியவர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த கார் வாங்கும்போது மைலேஜைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: பின் பிரேக்குக்குச் சர்வீஸ் மோடு மெனுவில் இருக்கிறதா, வெளி ஸ்கேனரில் வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.